கவிழ்த்து வைத்த ஸ்ரூல்

மச்சான்,

இன்று காலை என் மனுசி உன்னுடைய பச்சை ஸ்ரூலைக் குசினிக்குள் இழுத்து வந்து, மேல்தட்டில் இருந்த மிளகாய்த்தூள் போத்தலை எடுக்க அதில் ஏறப் பார்த்தாள். "ஏறாதையப்பா, அது இருந்து குளிக்கிற ஸ்ரூல்" என்றேன். முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு பிளாஸ்ரிக் சாமானுக்கு இவ்வளவு மரியாதையோ என்று கேட்டாள். மரியாதை ஸ்ரூலுக்கு இல்லை, உனக்கு. நீ இருக்கும்போது சொல்லியிருந்தால் ஒரு கிழமைக்குத் தலை வீங்கித் திரிந்திருப்பாய். அதனால்தான் இப்போது சொல்கிறேன்.

ஜப்பானில் நாங்கள் இருந்த அறையை நினைத்துப் பார். கடலோர ஊர், மீன் வெட்டும் பக்டரி, மரப்படி ஏறிப் போனால் இரண்டு பேர் நீட்டி நிமிர்ந்து படுக்கக் கூடிய ஓர் அறை. சமைக்க இடம் உண்டு, குளிக்க இடமில்லை. அங்கே பழைய வீடுகளில் இருப்பவர்கள் தெருமுனையில் உள்ள குளிப்பு வீட்டுக்குத்தான் போவார்கள். நாங்களோ வந்த புதிதில் குழாயடியில் துணியை நனைத்து உடம்பைத் துடைத்துக்கொண்டு திரிந்தோம். ரெயினில் எங்களுக்குப் பக்கத்தில் ஒருவரும் வந்து இருப்பதில்லை. மரியாதை தெரிந்த சனம் என்று நீ சொன்னாய். நானும் நம்பினேன்.

பிறகுதான் கீழே குடியிருந்த வீட்டுக்காரர் எங்கள் பக்டரிப் போர்மனிடம் சொல்ல, அவன் தன்னுடைய அரைகுறை இங்கிலீசில் எங்களுக்குச் சொன்னான். மீன் நாற்றம் வீடு முழுக்க அடிக்கிறது, ஒழுங்காகக் குளிக்காவிட்டால் அறையை விட வேண்டும் என்று. எங்களைப் போன்றவர்களுக்கு அறை கொடுக்க அந்த ஊரில் வேறு ஆள் இல்லை. அறை போனால் வேலையும் போகும்.

அன்று பின்னேரமே குளிப்பு வீட்டுக்குப் போனோம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஊர் ஆம்பிளைகள் எல்லாரும் பிறந்த மேனியாக நிற்பதைக் கண்டதும், நான் உடுப்பு வைக்கும் இடத்திலேயே இருந்துவிட்டேன். நீ உள்ளே போனாய், இடுப்பில் கட்டிய சாரத்தோடு. ஊரில் கிணற்றடியில் சாரத்தோடு நின்று, அதற்கு மேலேயே சவர்க்காரத்தையும் போட்டுத் தேய்ப்பதுதானே எங்களுடைய குளிப்பு. அந்த நுரையோடு போய்ப் பெரிய சுடுதண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கினாய். சாரம் பலூன் மாதிரி ஊதி மேலே வந்தது. அதன் நீலச் சாயம் மெல்லமெல்லத் தண்ணீரில் பரவியது. உள்ளே இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழும்பிப் போனார்கள். ஒருவரும் ஏசவில்லை. தொட்டி முழுவதையும் உனக்கே விட்டுத் தந்துவிட்டார்கள் என்று நீ பூரித்துப்போய் வெளியே வந்தாய். உன் முதுகுக்குப் பின்னால் குளிப்பு வீட்டுக் கிழவர் தொட்டியின் அடைப்பைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள், வாசலில் காசு வாங்கும் அவருடைய மனைவி எங்களைக் கண்டதும் இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் குறுக்காகப் பிடித்தார்.

"பாரடா, பிள்ளையாரைக் கும்பிடுற மாதிரியெல்லே எங்களைக் கும்பிடுறா" என்று சொல்லி, நீயும் கையைக் குறுக்காக வைத்து நெற்றியில் குட்டிக்கொண்டாய். அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார். நீ இன்னும் குனிந்து குட்டினாய். தோப்புக்கரணம் போடுவதற்கு முன்னர் உன்னை இழுத்துக்கொண்டு வந்தது நான்தான். அந்தக் குறுக்குக் கைக்கு 'உள்ளே வராதே' என்று அர்த்தம் என்பதையும், தொட்டி நீலமான கதையையும் பிறகு போர்மன்தான் சொன்னான். வேறு ஊர் பார்ப்போம் என்றேன்.

லீவு நாள் காலமை உன்னைக் காணவில்லை. தேடிக்கொண்டு வந்தேன். குளிப்பு வீட்டின் பின்கதவு திறந்து கிடந்தது. நீ கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, வெறுந்தொட்டிக்குள் கிழவரோடு குந்தியிருந்து, கல் இடுக்கில் பிடித்திருந்த உன் நீலத்தை உரஞ்சிக்கொண்டிருந்தாய். உன்னை அங்கே யாரும் கூப்பிடவில்லை. மன்னிப்புக் கேட்க உனக்கு அவர்களுடைய பாஷையில் ஒரு சொல் தெரியாது. தெரிந்திருந்தால்கூட இவ்வளவு வடிவாகக் கேட்டிருக்க மாட்டாய்.

வாசலில் காசு வாங்கும் அந்த அம்மா வந்து பார்த்தார். பிறகு ஒரு ஸ்ரூலை இழுத்து வைத்து, உடுப்போடு அதில் இருந்து, தண்ணீர் இல்லாமலே உனக்குக் குளித்துக் காட்டினார். பக்கத்து ஆளுக்குத் தெறிக்காமல் ஊற்ற வேண்டும். நுரை ஒரு பொட்டும் இல்லாமல் போக வேண்டும். எழும்பியதும் ஸ்ரூலைக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தொட்டி. கையில் உள்ள சின்னத் துவாய்த் துண்டும் தண்ணீரில் படாமல் தலைக்கு மேலே இருக்க வேண்டும். கடைசியாக உன் இடுப்பைச் சுட்டி, அங்கே ஒன்றும் வேண்டாம் என்று கையை விசுக்கினார். உன் முகம் செத்தல் மிளகாய் நிறத்துக்கு வந்தது.

கோயிலில் மேலில் போட்ட சேட்டைக் கழற்றவே கூச்சப்படுகிறவன் நீ. அன்று பின்னேரம் சாரத்தை மடித்துக் கூடைக்குள் வைத்துவிட்டு நின்றாய்.

"உண்மையாய்த்தான் போகப் போறியோ?" என்று கேட்டேன்.

"வெக்கம் எங்கடை பாடு. தண்ணி எல்லாருக்கும் பொது. வா" என்றாய்.

வந்தேன். கண்ணை மூடிக்கொண்டு வந்தேன் என்பது வேறு கதை. நாங்கள் தொட்டிக்குள் கால் வைத்தபோது ஒருவரும் எழும்பவில்லை. ஒருவர் மட்டும் கொஞ்சம் அரக்கி இடம் விட்டார். சில நாள் போக, ரெயினில் ஒரு கிழவி எனக்குப் பக்கத்தில் வந்து இருந்து, என் தோளில் சாய்ந்து நித்திரையும் கொண்டார். அறையை விடச் சொன்ன வீட்டுக்காரர் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

எதற்காக உந்த ஸ்ரூலை ஒவ்வொரு நாளும் கவிழ்க்கிறாய் என்று கேட்டால், ஒரே மறுமொழிதான் வைத்திருந்தாய். "பின்னாலை வாறவன் எங்கடை ஊத்தையிலை இருக்கக் கூடாதடா."

நாங்கள் கனடாவுக்கு வெளிக்கிட்டபோது அந்த அம்மா உனக்கு ஒரு ஸ்ரூலைத் துணியில் சுற்றித் தந்தார். அதை மடியில் வைத்துக்கொண்டே பிளேனில் வந்தாய். ஒரு குழந்தையைக் கூட்டிவந்த மாதிரி என்று நான் இன்றைக்கும் ஆட்களுக்குச் சொல்லிச் சிரிக்கிறேன். இங்கே வந்து குடியேறிய மல்வேர்ன் பில்டிங்கிலும் நீ மாறவில்லை. கீழே உடுப்புத் தோய்க்கிற லோன்றி அறையில் உடுப்புக் காய்ந்ததும், மெசினில் ஒட்டிய பஞ்சை வழித்து எறிந்துவிட்டுத்தான் மேலே வருவாய். சினோப் பனி கொட்டினால் உன் காரோடு பக்கத்துக் காரையும் தட்டிவிடுவாய். 'ஜப்பான் மாப்பிள்ளை' என்று நான் வைத்த பட்டம் கலியாண வீடுகள் வரைக்கும் போனது. நீ ஒருநாளும் கோபிக்கவில்லை. பகிடி விட்டுக்கொண்டே நானும் பஞ்சு வழிக்கத் தொடங்கியதை நீ கண்டும் காணாத மாதிரி இருந்தாய். அதுதான் உன் பெரிய குணம்.

நீ போய் எட்டாம் நாள், உன் எட்டுச் செலவன்று கை கழுவ உன் குளியலறைக்குள் போனேன். ஸ்ரூல் கவிழ்ந்தபடி காய்ந்து கிடந்தது. உன் மனுசி எனக்குப் பின்னால் வந்து நின்றா.

"ஆஸ்பத்திரிக்குப் போன அண்டு வச்சது, அண்ணை. பெடியன் கீழை காரை ஸ்ராட் பண்ணிக்கொண்டு நிக்கிறான். இந்த மனுசனுக்கு மூச்சு இழுக்குது. அதோடையும் ஸ்ரூலைக் கழுவிக்கொண்டு நிண்டது. பிறகு நான் அதைத் தொடேல்லை. நீங்களே கொண்டு போங்கோ."

செத்த வீட்டிலும் பகிடி விடுகிறவன் நான். அன்று லிஃப்டில் அந்த ஸ்ரூலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றபோது ஒரு பகிடியும் வரவில்லை.

இப்போது தினமும் அதில் இருந்துதான் குளிக்கிறேன். இன்றும் குளித்து, கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். நீ இருக்கும் இடத்தில் தொட்டி ஏதும் இருந்தால், சாரத்தைக் கழற்றிவிட்டு இறங்கு, மச்சான். பின்னால் வருகிறவன் நான்.