வயசு என்று சொல்லி அனுப்பினார்கள் உன்னை

இன்று காலை ஆய்வகத்தில் புது ஜெல் டப்பா ஒன்றைத் திறந்தேன். தோலில் தடவி, அதன்மேல் கருவியை வைத்து நாடித்துடிப்பை அளப்போமே, அந்த ஜெல். அதற்கென்று பெரிய மணம் எதுவும் கிடையாது. மழையில் நனைந்த பிளாஸ்டிக் போல லேசான ஒரு வாடை, அவ்வளவுதான். ஆனால் அது மூக்கில் பட்டதும், ஆரணி சர்ச் கூடத்தில் நீ கழுத்தைக் குறுக்கிக்கொண்டு, "அடியே, ஐஸ்கட்டிய வச்சாப்ல கீதுடி!" என்று கத்தியது கேட்டது. வேலையை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். உனக்கு எழுதாமல் இன்றைக்கு வேறு எதுவும் ஓடாது என்று தெரிந்துவிட்டது.

நாம் இரண்டு பேரும் ஆரணியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். நான் வேலூர் மருத்துவக் கல்லூரிக்குப் போய், வயது ஏற ஏற இரத்தக்குழாய்களுக்கு என்ன ஆகிறது என்று ஆராய்பவளானேன். நீ படித்த பள்ளிக்கே விளையாட்டு டீச்சராகத் திரும்பிப் போனாய். பட்டுத்தறி வைத்திருந்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளை பெற்று, ரிட்டயர் ஆன பிறகும் சர்ச் பாடகர் குழுவை அதே விசில் ஊதும் தோரணையில் நடத்திக்கொண்டிருந்தாய். நீ கையை உயர்த்தினால் ஆர்மோனியம் வாசிப்பவர் கூட மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

அப்படிப்பட்ட நீ ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையில் பாட்டின் நடுவில் நின்றுபோனாய். வார்த்தை மறந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். மறுநாள் எனக்குப் போன் செய்தாய்.

"வார்த்தை எல்லாம் கீதுடி. மூச்சுதான் இல்ல. படி ஏறினா நாய் மாதிரி இளைக்குது."

டாக்டரிடம் போகச் சொன்னேன். போனாய். இதயத்தை ஸ்கேன் செய்து பார்த்திருக்கிறார்கள். இதயம் நன்றாகவே பம்ப் செய்கிறது, வயசாகிவிட்டது இல்லையா, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். உனக்கு வந்த கோபம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"எனக்கு வயசாயிடுச்சின்னு எனக்குத் தெரியாதா? அதச் சொல்றதுக்கா சட்டைய கழட்டச் சொல்லி படுக்க வச்சாங்க?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வந்தேன். உன் இரத்த அழுத்தத்தைப் பார்த்தேன். மேலே உள்ள எண் எகிறிக் கிடந்தது. கீழே உள்ள எண்ணோ இளம்பெண்ணுக்கு இருப்பதுபோல இறங்கி இருந்தது. நான் பல வருஷங்களாக ஆராய்ந்துகொண்டிருந்த விஷயம் என் சிநேகிதியின் கைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். நீ விடவில்லை. "பாடம் நடத்தாத, எனக்குப் புரியறாப்ல சொல்லு" என்றாய்.

பள்ளியில் பழைய வாலிபால் பந்துகளைப் பிரித்தால் உள்ளே இருக்கும் ரப்பர் பிளாடர் எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

"கெட்டியா, விறைச்சிகினு. காத்தடிச்சா உப்பாது."

இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயும் அப்படித்தான் ஆகிறது என்றேன். இளமையில் ஒவ்வொரு துடிப்புக்கும் அது விரிந்து கொடுக்கும். பிறகு சுருங்கி, இரத்தத்தை மெதுவாக முன்னே தள்ளும். வயது ஏறும்போது அந்த மீள்தன்மை போய் விறைத்துக்கொள்கிறது. அதனால் மேல் எண் ஏறும், கீழ் எண் இறங்கும். விறைத்த குழாயை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் சதை தடித்துவிடுகிறது. அழுத்தித் தள்ளும் வேலையை அது சரியாகச் செய்யும். தளர்ந்து இரத்தத்தை வாங்கிக்கொள்ளத்தான் தடுமாறும். ஸ்கேனில் பம்ப் நன்றாகத் தெரியும், மனிதருக்கோ மூச்சு வாங்கும்.

நீ உன் மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பார்த்தாய். பிறகு கேட்டாய்: "எல்லா கிழவிக்கும் இப்படித்தான் ஆவுமா?"

"ஆவாது. ஒரே வயசுல ஒருத்தருக்கு மெத்துனு இருக்கும், ஒருத்தருக்கு விறைச்சிகினு இருக்கும். ஏன்னுதான் நாங்க தேடிகினு இருக்கோம்."

"அப்ப இது வயசு இல்ல. நோவு."

நான் ஆமாம் என்றேன். உன் வீட்டுக்காரர் குறுக்கே வந்தார். "சிஸ்டர், நீங்க வேற ஏத்தி வுடாதீங்க. இந்த வயசுல சும்மா ஒக்காந்துகினு ஜெபம் பண்ணா போதாதா?" நீ அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில் என் ஆய்வே மூடப்படும் நிலையில் இருந்தது. வயதானவர்களை அழைத்து, கழுத்துக்கும் தொடைக்கும் இடையே நாடியலை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளந்து, சில வருஷங்கள் அவர்களைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். விறைத்த குழாயில் அலை வேகமாக ஓடும். ஆனால் வேலூர் வரை வர யாருக்கும் முடியவில்லை. வந்தவர்களும் இரண்டாம் தடவை வரவில்லை. ஆள் சேராவிட்டால் நிறுத்திவிடலாம் என்று மேலிடத்தில் பேசத் தொடங்கியிருந்தார்கள். எனக்கும் சலித்துப்போயிருந்தது. உன்னிடம் அதைச் சொன்னேன்.

"அவங்க ஏன் வேலூருக்கு வரணும்? மெஷின தூக்கிகினு நீ ஆரணிக்கு வா" என்றாய். இவ்வளவு சுலபமான ஒன்று எங்கள் கூட்டங்களில் யார் வாயிலிருந்தும் வந்ததில்லை என்று சொல்ல மாட்டேன். வந்தது. செலவு, சிரமம் என்று ஒதுக்கிவிட்டோம். நீ ஒதுக்க விடவில்லை. பாதிரியாரிடம் பேசிச் சர்ச் கூடத்தை வாங்கினாய். தறிக்காரர் தெருக்களில் வீடு வீடாக ஏறினாய். ஆட்டோவில் கொஞ்சம், மூச்சு வாங்க வாங்க நடந்து கொஞ்சம்.

முகாம் நாளில் கூடம் நிறைய ஆட்கள். ஆனால் ஒருவரும் கட்டில் பக்கம் வரவில்லை. ரத்தம் உறிஞ்சுகிற மெஷின் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். சாவு எப்போது என்று சொல்லிவிடும் என்று இன்னொரு பேச்சு. கன்னியம்மா என்ற நெசவுக்காரப் பெண்மணி வாசலிலேயே நின்று, "நாங்க நல்லாத்தான் கீறோம், எங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போகப் பார்த்தார்.

நீ செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கட்டிலில் ஏறிப் படுத்தாய். "முதல்ல எனக்குப் பாரு."

ஜெல் பட்டதும்தான் அந்தக் கத்தல். கூடமே சிரித்துவிட்டது. திரையில் அலை ஓடியது. எண் வந்தது. அதைப் பார்த்ததும் என் முகம் மாறியிருக்க வேண்டும். உன் குழாய்களின் விறைப்பு உன் வயதைவிட வெகுதூரம் முன்னே ஓடிப்போயிருந்தது. அப்புறம் பேசலாம் என்று மெதுவாகச் சொன்னேன்.

"அப்புறம் எதுக்கு? சத்தமா சொல்லு. இவங்களும் கேக்கட்டும்."

தயங்கித் தயங்கிச் சொன்னேன். குழாய் அதிகமாக விறைத்திருக்கிறது, இதயத்துக்கு அதனால் பாரம், மருந்தும் நடையும் உப்பைக் குறைப்பதும் வேண்டும் என்றேன். நீ எழுந்து உட்கார்ந்து, கழுத்தைத் துடைத்துக்கொண்டே கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாய்: "கேட்டீங்க இல்ல? ரத்தம் எடுக்கல. சாவுற தேதியும் சொல்லல. எனக்கு இன்னா கோளாறுன்னு சொல்லிச்சி. இதத்தான் வயசுன்னு சொல்லி அனுப்புனாங்க. உங்களுக்கும் தெரிஞ்சிக்க வேணாமா?"

கன்னியம்மாதான் அடுத்து வந்து படுத்தார். பொழுது சாயும் வரை எங்களுக்குத் தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லை. ஆய்வு பிழைத்துக்கொண்டது. ஆரணிக்குப் பிறகு போளூர், அப்புறம் சுற்றியுள்ள கிராமங்கள்.

அதன்பின் நீ வாழ்ந்த காலத்தை நான் சும்மா கழிந்த காலமாக நினைக்கவே மாட்டேன். மாத்திரையை விடாமல் சாப்பிட்டாய். ஊறுகாய் ஜாடியை நீயே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாய். காலையில் ஆற்றங்கரைப் பக்கம் நடந்தாய். முதலில் தெரு முனை வரை, பிறகு பாலம் வரை. வழியில் பார்க்கிறவர்களை எல்லாம் சேர்த்துக்கொண்டு அதையும் ஒரு டிரில் வகுப்பாக்கினாய். உன் வீட்டுக்காரர் முதலில் முணுமுணுத்தார், பிறகு பின்னாலேயே நடந்து வந்தார். அடுத்த கிறிஸ்துமஸில் நீ முழுப்பாட்டையும் பாடினாய். கடைசி வரியில் கொஞ்சம் அவசரப்பட்டாய். ஆனால் நிறுத்தவில்லை. நான் பின்வரிசையில் உட்கார்ந்து அழுதேன்.

ஆனாலும் நோய் நம்மைவிட வெகுநாள் முன்பே கிளம்பிவிட்டிருந்தது. ஒரு ஐப்பசி மழையில் உன் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தபோது ஆக்சிஜன் முகமூடியை விலக்கிவிட்டுக் கேட்டாய்.

"விறைச்ச குழாய திருப்பி இளக்குற மருந்து வந்துச்சா?"

உனக்குப் பொய் சொல்ல எனக்கு வராது. "பிரஷரைக் குறைக்க மருந்து இருக்கு. குழாயையே பழையபடி ஆக்குற மருந்து இன்னும் வரல."

"கெடச்சிடும். நீ பாதியில எழுந்து போயிடாத."

இரண்டு வாரம் தாக்குப்பிடித்தாய். பிறகு போய்விட்டாய்.

அடக்கத்தன்று உன் வீட்டு வாசலில் உறவுக்காரர் ஒருவர் ஆறுதலாகச் சொன்னார்: "வயசாயிடுச்சி. ஆண்டவர் நல்லபடியா எடுத்துக்கினார்." உன் வீட்டுக்காரர் அதுவரை யாரிடமும் பேசாமல் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். சட்டென்று நிமிர்ந்தார்.

"வயசு இல்லீங்க. ரத்தக்குழா விறைச்சிப் போயி இருதயம் கெட்டுது. அதுக்குப் பேரு கீது, மருந்து கீது. முன்னாடியே பாத்திருந்தா இன்னும் கொஞ்சநாள் இருந்திருப்பா. உங்க வீட்டுல யாருக்காவது மூச்சு வாங்கினா வயசுன்னு வுட்டுடாதீங்க."

கண்ணீர் வழிய வழிய, குரல் உடையாமல் சொன்னார். அதைக் கேட்டபின் அந்தச் சாவு வீட்டில் நான் அழுததைவிட நிமிர்ந்து நின்றதுதான் அதிகம்.

உங்கள் பள்ளியைவிட எங்கள் கல்லூரியில் ஓய்வு வயது அதிகம்; எனக்கும் இப்போது அந்தக் காலம் வந்துவிட்டது. இனி என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார்கள். சம்பளமில்லாவிட்டாலும் பரவாயில்லை, இந்த ஆய்வை முடிக்கும் வரை வருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். விறைப்பை மாற்றும் வழி என் காலத்தில் கிடைக்குமா என்று தெரியாது. ஆனால் யாருக்கு, எப்போது, எதனால் அது முந்திக்கொண்டு வருகிறது என்பது உன்னைப்போல வந்து படுத்தவர்களால் எங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாகிறது. கன்னியம்மா ஒவ்வொரு தடவையும் தவறாமல் வருகிறார். தன் தங்கையையும் அழைத்து வருகிறார்.

திங்கட்கிழமை வெம்பாக்கத்தில் முகாம். மெஷினைப் பெட்டியில் கட்டி வைத்துவிட்டேன். அங்கேயும் யாராவது ஒரு பெண்மணி மாடிப்படியில் நின்று நின்று ஏறிக்கொண்டிருப்பார், வயசு என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டு. அவரைக் கண்டுபிடிக்கத்தான் போகிறேன்.