துணி போர்த்திய மிஷின்

மே 18, செவ்வாய்

காலையிலேயே மண்டையைப் பிளக்கும் வெயில். இரண்டு முகக்கவசம். என் மூச்சே எனக்கு நாற்றம்.

ஆஸ்பத்திரி முழுக்க மிஷின் கணக்கெடுப்பு; மிஷின் இன்ஜினியர் என்பதால் என் தலையில். சும்மா கிடப்பதையெல்லாம் மாலைக்குள் கொரோனா கட்டடத்துக்கு அனுப்ப வேண்டும். பிரசவ வார்டில், வயிற்றுக்குள் குழந்தையின் துடிப்பைக் காட்டும் மிஷின் இரண்டு. ஒன்று ஓடுகிறது. இன்னொன்று பூப்போட்ட துணி போர்த்தி மூலையில். ‘பயன்பாட்டில் இல்லை’ - டிக்.

ஹெட் நர்ஸ் மேரி சிஸ்டர் கத்தினார். “ஏலே, சும்மா கெடக்குன்னு யாரு சொன்னா? தொடச்சு வச்சுத் துணி போடுதோம். தூசி விழுந்தா நீயா வந்து பாக்கப் போற?”

“பயன்படுத்துன பதிவு எங்க சிஸ்டர்?”

“புள்ள பெறுதவளப் பாப்பனா, நோட்டு எழுதுவனா?”

பதிவு இல்லை என்றால் பயன்பாடு இல்லை. படித்தது அப்படி. ஏற்றி அனுப்பினேன்.

மே 20, வியாழன்

வார்டில் மிஞ்சிய மிஷினும் அவுட். வயிற்றில் வைக்கும் புரோப் போய்விட்டது. கம்பெனிக்கு போன். “ஊரடங்கு சார், ஒரு வாரம் ஆகும்.” மடையன்.

கொரோனா கட்டடத்துக்குப் போய் அனுப்பியதைத் திருப்பிக் கேட்டேன். தொற்று வந்த ஒரு கர்ப்பிணிக்கு மாட்டியிருந்தார்கள். எந்த முகத்தோடு கழற்ற?

பார்வதிக்குப் பிரசவத்துக்கு இன்னும் பத்து நாள். முக்கூடலில், என் மாமியார் வீட்டில் இருக்கிறாள். வாங்க: பிளாஸ்க், பழைய வேட்டி, கொசுவத்தி.

மே 22, சனி

பத்து நாளாவது மண்ணாவது. பார்வதிக்கு விடியற்காலையே வலி. மாமனார் காரில் கூட்டி வந்தார். ‘டெஸ்ட் ரிசல்ட் வராத கேஸ்.’ கூட ஒருவரும் போகக்கூடாதாம். இங்கேயே வேலை பார்க்கிறவன் நான், கதவுக் கண்ணாடிக்கு வெளியே.

மாமனார்: “மாப்ள, உள்ள மிஷின்லாம் இருக்கும்லா?”

“இருக்கும்” என்றேன்.

உள்ளே மேரி சிஸ்டர், தலை முதல் கால் வரை பிளாஸ்டிக். கையில் பழைய புனல் குழல், காதை வைத்துத் துடிப்பு கேட்பதற்கு. காதைத்தான் உறை மூடியிருக்கிறதே. “இதப் போட்டுக்கிட்டு என்னத்தக் கேக்க!” தலை உறையைக் கழற்றி எறிந்தார். குனிந்து வயிற்றில் காது.

டாக்டர் கத்தினார்: “சிஸ்டர், ரிசல்ட் வரலை!”

“அது புள்ளைக்குத் தெரியுமா டாக்டர்?”

கால் மணிக்கு ஒரு தடவை குனிந்தார். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை. அப்புறம் நிமிரவே இல்லை. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். “தொண்ணூறுக்குக் கீழ போகுது. தியேட்டருக்குத் தள்ளு!”

ஆபரேஷன். பெண். 2.6 கிலோ. அழுதாள்.

மே 23, ஞாயிறு

பார்வதிக்குப் பாசிட்டிவ். லேசான காய்ச்சல்தான். பிள்ளை நன்றாகக் குடிக்கிறது.

மேரி சிஸ்டரைத் தனிமைப்படுத்திவிட்டார்கள்.

மே 28, வெள்ளி

சிஸ்டருக்கும் பாசிட்டிவ். ஆக்சிஜன் 91. மூக்கில் குழாய்.

நேரில் பார்த்தவன் என்று ஆபீசில் என்னிடம் அறிக்கை கேட்டார்கள். ‘பாதுகாப்பு உறையைக் கழற்றியது செவிலியரின் கவனக்குறைவு’ என்று அவர்களே தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். கையெழுத்துதான் பாக்கி. கிழித்தேன். என் கையால் எழுதினேன்: பயன்பாட்டில் இருந்த மிஷினை வார்டிலிருந்து எடுத்தது நான். விசாரிக்காமல்.

ஆபீஸ் கிளார்க்: “கிறுக்கா வே உமக்கு? வேலை போயிரும். அடிச்சிட்டு வேற எழுதும்.”

அடிக்கவில்லை. நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

புரோப் இன்றைக்கு வந்து சேர்ந்தது. இன்றைக்கு! மாட்டிவிட்டு சிஸ்டருக்கு போன் செய்தேன். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு.

“ஓடுதாலே?”

“ஓடுது சிஸ்டர்.”

“துணி... சன்னல்ல காயுது. தொடச்சிட்டுப் போடு.”

துடைத்தேன். போட்டேன்.