இளவரசியின் படகும் நம் வீட்டு இடிகல்லும்

ட்ருகனினா,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்ஷரா,

நான் நன்றாக இருக்கிறேன், நீயும் புசான் குளிரில் காதை மூடிக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். வேறு யாராவது உனக்குச் சொல்வதற்கு முன் ஒரு வெட்கக்கேட்டை நானே சொல்லிவிடுகிறேன். போன சனிக்கிழமை இங்கே நம் தமிழ்ச் சங்கத்துக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். மகள் கொரியாவில் இருக்கிறாளே என்ற மிதப்பில், அந்தக் காலத்தில் கப்பலேறிப் போய் அந்த ஊர் ராஜாவைக் கட்டிக்கொண்ட இளவரசி ஹியோ ஹ்வாங்-ஓக் கதையை எடுத்தேன். வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி அவள் தமிழச்சிதான் என்று அடித்துச் சொன்னேன், கைதட்டல் விழுந்ததும் தலைகால் புரியாமல் நம் ஊர் ராசிபுரம் பக்கம் என்றும் சொல்லிவிட்டேன். நூலகத்தில் வேலை பார்க்கும் கொரியப் பெண்மணி ஒருத்தி கடைசி வரிசையில் இருந்திருக்கிறாள், யாரோ ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு. டீ நேரத்தில் போண்டாவும் கையுமாக என்னிடம் வந்து, பழைய நூலில் அவள் நாடு அயுதா என்று மட்டும்தான் இருக்கிறது, இந்த ராசிபுரம் எங்கே இருக்கிறது என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டாள். சேலத்துக்குப் பக்கத்தில் என்றேன். வேறென்ன சொல்வது.

ஆனால் நல்லவள். எனக்குத் தெரியாத மிச்சக் கதையை அவள்தான் சொன்னாள். முதல் தடவை கிளம்பியபோது அலை தாங்காமல் படகு திரும்பி வந்துவிட்டதாம். அப்பாக்காரர் ஒரு கல் கோபுரத்தை ஏற்றி அனுப்பினாராம், அந்தக் கனத்தில்தான் படகு ஆடாமல் போய்ச் சேர்ந்ததாம். கூட வந்த பதினைந்து படகுக்காரர்களுக்கும் அரிசியும் துணியும் கொடுத்து ராஜா ஊருக்கு அனுப்பினாராம். எத்தனை மூட்டை என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் திரும்பிப் போய் அவள் அம்மாவிடம் என்ன சொன்னார்கள் என்றேன், அது எழுதியில்லை என்றாள். என் போண்டாவைப் பாதியிலேயே தட்டில் வைத்துவிட்டேன்.

போன மாதம் போனில் நீ கேட்டாயே, "அம்மா, ஏர்போர்ட்ல கனம் ஜாஸ்தின்னு திருப்பிக் கொடுத்தேனே இடிகல், அதை அனுப்பி வையேன். இன்னும் மூணு வருஷத்துக்குக் கான்ட்ராக்ட் கேக்கறாங்க, நீ சொன்னாதான் கையெழுத்துப் போடுவேன்" என்று. இரண்டு மாதம் இருக்கப்போகிறவள் இடிகல் கேட்கமாட்டாள், அது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று இத்தனை நாள் இழுத்தடித்தேன், இப்போது சொல்கிறேன், கையெழுத்துப் போடு. கப்பல் கட்டும் வேலை உனக்குப் பிடித்திருக்கிறது, குரலிலேயே தெரிகிறது. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. வீட்டில் நானும் ஹீட்டரும் இருக்கிறோம், இருவரும் மாறி மாறி முணுமுணுக்கிறோம். கல்லை அன்றைக்கே தபாலில் போட்டுவிட்டேன், மெதுவாகத்தான் வரும், அவசரப்படாதே. பக்கத்து வீட்டு அருந்தவன் அண்ணன் தினமும் விசாரிக்கிறார். நேற்று நான் காரைத் திருப்பும்போது கேட்டுவிட்டு, "தங்கச்சி, பின்னுக்கு ஏதோ தடதட எண்டு சத்தம் கேக்குது, ஒருக்கா கராஜில காட்டுங்கோ" என்றார். காட்டுகிறேன் என்றேன். இரஞ்சிதம் அக்கா மகளுக்கு மூன்றாவது தடவையாக நிச்சயம் ஆகியிருக்கிறது, மாப்பிள்ளை அதே மாப்பிள்ளைதான்.

ரசத்துக்கு மிளகை மிக்ஸியில் போடாதே, கல் வரும்வரை கரண்டிக்காம்பால் நசுக்கிக்கொள். ஈரத்தலையோடு வெளியே போகாதே. ஞாயிறு போன் செய்ய மறந்தால் திங்கள் செய், நான் எடுக்கிற இடத்தில்தான் இருப்பேன். போன இடத்தில் காலூன்றி நில், சாமி உன் கூடவே இருக்கட்டும்.

ராசிபுரத்து இன்னொரு இளவரசியைப் பெற்ற
உன் அம்மா
கிரிஜா

பி.கு.: இடிகல் இன்னும் கார் டிக்கியில்தான் இருக்கிறது.