இரண்டு பொட்டலம்

பிள்ளைப்பாக்கம்
12-8-1974

பாப்பா அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. புண் ஆறிவிட்டது, வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இங்கே மழை இல்லை. கழனியை அண்ணன் உழுதுவிட்டார். உங்கள் செருப்பு இரண்டையும் துடைத்துப் பரண்மேல் வைத்துவிட்டேன்.

ஒரு காலை எடுத்துக்கொண்டாலும் பொன்னியம்மன் உயிரைக் கொடுத்தாள், வந்ததும் அவளுக்குப் பொங்கல் வைக்கவேண்டும் என்கிறீர்கள். வைக்கலாம். அதற்கு முன் ஒன்று சொல்லவேண்டும்.

காலை எடுக்காவிட்டால் பிழைக்கமாட்டீர்கள் என்று டாக்டர் சொன்ன அன்று, "அம்மா உத்தரவு குடுக்காம கையெழுத்து போடமாட்டேன். போய் பூ கேட்டுகினு வா" என்றீர்கள். வெள்ளைப் பூ வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம்.

சன்னதியில் பூ மடித்து வைத்த இரண்டு பொட்டலத்தில் பாப்பா ஒன்றை எடுத்தாள். வெள்ளை. "அப்பா பொழைச்சிக்கும்மா!" என்று குதித்தாள். பிறகு, "அதுல இன்னா கீது?" என்று மற்றதைக் காட்டிக் கேட்டாள். நான் அதை மடியில் கட்டிக்கொண்டேன்.

அதிலும் வெள்ளைதான். நான்தான் வைத்தேன்.

அன்றிலிருந்து விளக்கேற்றுகிறேன். எதுவும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை. அழுகையும் வரவில்லை.

வந்து கோபித்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தக் கடிதம் எழுதவே நடுங்குகிற கை, அன்று பொட்டலம் கட்டும்போது நடுங்கவில்லை. அப்போது அதை அம்மன் பிடித்துக்கொண்டிருந்தாள் என்றுதான் நம்புகிறேன். நீங்களும் நம்பினால், பொங்கல் வைக்க நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
பாப்பா அம்மா