அ யாருக்கு?

8 ஜூன்
இன்று எழுத்து வகுப்பில் யாரும் கையைப் பிடிக்காமல் என் பெயரை எழுதினேன். ஐயனார். கயல்விழி டீச்சர் கைதட்டினார். (மற்றதையெல்லாம் நான் பேசப் பேச போனே எழுதிக்கொள்கிறது.) ஐ நல்ல எழுத்து. தும்பிக்கையைச் சுருட்டிய யானை மாதிரி இருக்கிறது. வீட்டுக்கு வந்து என் மனைவி மலர்க்கொடியிடம் நோட்டை நீட்டினேன். நிமிரவில்லை. அடுத்த வீட்டு அம்ரீனிடம் குரோஷா பழகியதிலிருந்து அவளுக்குக் கொக்கி ஊசியும் நூலும்தான்.
“இன்னா அது?”
“குஷன் கவரு.”
“யாருக்கு?”
“பொறுங்க, தெரியும்.”

11 ஜூன்
சிதம்பரத்திலிருந்து அன்பரசு போன் செய்தான். அவளுடைய தம்பி. புது சோபா வாங்கியிருக்கிறானாம். அவள் சிரித்த சிரிப்பு தெருவுக்குக் கேட்டது. என்னிடம் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம்? சரி, கவர் அந்த சோபாவுக்குத்தான். இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு கைக்குட்டை தைத்ததுண்டா?

12 ஜூன்
நீல நூல். எனக்குப் பிடித்த நிறம். அவனுக்குப் போகிறது.

15 ஜூன்
நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகு பிடித்துக்கொள்கிறது. கடலூர் துறைமுகத்தில் மூட்டை சுமந்த முதுகு. அவளிடம் சொன்னேன். “தெரியும்” என்றாள். அவ்வளவுதான். இதுவே தம்பிக்கு வலித்தால் உடனே பஸ் ஏறியிருப்பாள்.

19 ஜூன்
பார்த்துவிட்டேன். அவள் கடைக்குப் போயிருந்தாள். கவர் கட்டிலில் கிடந்தது. நீலத்தின் நடுவில் வெள்ளை நூலில் ஓர் எழுத்து. அ. நானே படித்தேன்! சந்தோஷமாக இருந்தது. பிறகுதான் உறைத்தது. அ என்றால் அன்பரசு. என் எழுத்து ஐ. இவளுக்கு எழுத்தே தெரியாது — அவன்தான் எழுதிக் கொடுத்திருப்பான். கட்டுன புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், படிக்கக்கூட கத்துக்கிட்டேன். என்னைக் கேட்டாளா?
நூல் முனை நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தேன். சரசரவென்று எழுத்து முழுவதும் பிரிந்து வந்துவிட்டது. இப்போது வெறும் நீலம்.

20 ஜூன்
கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. நான் தினமும் தண்ணீர் குடிக்கும் எவர்சில்வர் சொம்பைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.
“உங்களுக்குத்தான் படிக்கத் தெரியுமே, படிங்க.”
சொம்பின் கழுத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. தேய்ந்த எழுத்து. விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டினேன். அ... ய்... ய... னா... ர்.
“இதப் பாத்துத்தான் போட்டேன். முதுகு முதுகுன்னு முனகுறீங்களேன்னு செஞ்சா, பிரிச்சிப் போட்டுட்டீங்க.”
“டீச்சர் ஐன்னுதானே சொல்லிக்குடுத்தாங்க?”
“நம்ம கல்யாணத்துக்கு எந்தம்பி கடையில நின்னு பேர் வெட்டுன சொம்பு. அவன் தப்பாவா வெட்டுவான்?”
இதிலும் அவன்தான் முந்தியிருக்கிறான்.

21 ஜூன்
டீச்சரிடம் கேட்டேன். இரண்டு விதமாகவும் எழுதலாமாம். இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?

28 ஜூன்
சிதம்பரம் போய் வந்தோம். சோபா மெத்தென்று இருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.
“இன்னா மாமா, அக்கா உங்களுக்கு மட்டுந்தான் கவர் போடுமா? எனக்கு இல்லியா?” என்றான் அன்பரசு.
“நான் எழுதிக் குடுத்தாத்தான் உங்கக்கா எழுத்து போடும் மச்சான்” என்றேன்.
அவள் சிரித்தாள். போனில் சிரித்த அதே சிரிப்பு.

3 ஜூலை
நீலக் கவர் என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. நான் சாக்பீஸில் போட்ட அ மேலேயே அவள் மறுபடி பின்னினாள். கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. இருக்கட்டும்.
இன்று சிவப்பு நூலில் தம்பிக்கு ஒன்று முடித்துவிட்டாள். “எழுதுங்க” என்று சாக்பீஸை நீட்டினாள். அவனுக்கும் அதே அ தான். எழுதிக் கொடுத்தேன்.
என்னுடையதைவிடச் சின்னதாக.

அய்யனார்