இல்லாத வெளிச்சம்

மார்ச் 4
இன்று ஒரே மூச்சில் பதினொரு சட்டை தைத்தேன். எண்ணிப் பார்த்தால் ஏழு; எண்ணுவானேன். முடக்குவாதத்தில் விரலெல்லாம் வீங்கி, கத்தரியைக்கூடத் தூக்க முடியாமல் கிடந்தவன் நான். ஏழு வருஷமாகச் சாப்பிடும் வெள்ளை மாத்திரைதான் விரலைத் திருப்பிக் கொடுத்தது. மூட்டு டாக்டரே அசந்துபோனார். அசந்த மாதிரிதான் இருந்தது.

மார்ச் 11
அந்த மாத்திரை கண்ணைக் கெடுக்கலாமாம். அதற்கு ஒரு சோதனை. எனக்கு முன்னால் போனவர் எழுத்துப் பலகையைச் சத்தமாகப் படித்தார். வெளியில் உட்கார்ந்தே மனப்பாடம் செய்து, கடைசி வரிவரை கடகடவென்று ஒப்பித்தேன். எட்டாம் வகுப்பில் இந்த ஞாபகசக்தி எங்கே போயிருந்ததோ. மெஷின் சோதனை ஒன்று பாக்கி.

மார்ச் 19
ஊசியை நேராகப் பார்த்தால் பக்கத்துத் தையல் காணாமல் போகிறது. கண்ணை நகர்த்தினால் வந்துவிடுகிறது. பல்ப் சரியில்லை.

மார்ச் 20
பல்பை மாற்றிவிட்டேன். கோளாறு பல்பில் இல்லை.

மார்ச் 26
அண்ணன் மகள் தன் சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.
"என்ன சித்தப்பா, பாக்கெட் ஒரு பக்கம் தொங்குது?"
"அது புது ஃபேஷன்மா."
"மெஷின் சோதனைக்கு நானும் வரேன்."

ஏப்ரல் 2
கிண்ணம் மாதிரி மெஷின். அதற்குள் நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் வெளிச்சம் மின்னினால் பொத்தானை அமுக்க வேண்டும். கண்ணில் கோளாறு என்று மாத்திரையை நிறுத்திவிட்டால் விரல் என்னாவது? வந்ததற்கும் அமுக்கினேன், வராததற்கும் அமுக்கினேன்.
சோதனை செய்த பெண் மெஷின் தந்த காகிதத்தைப் பார்த்துச் சிரித்தாள். "ஐயா, மெஷின் சும்மா இருந்தப்பவும் நீங்க பாத்திருக்கீங்க."
"நமக்குக் கண்ணு கொஞ்சம் கூர்மை."
"இல்லாத வெளிச்சம் தெரியற அளவுக்கா?"
அண்ணன் மகள் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும், "கதையெல்லாம் எங்ககிட்ட விடுங்க சித்தப்பா, ரசிச்சுக் கேக்கறோம். அந்த மெஷின்கிட்ட வேண்டாம்" என்றாள்.

ஏப்ரல் 3
விரல் போனா தையல் இல்ல. கண்ணு போனா மட்டும் இருக்கா? யார்கிட்டப் போய்க் கேக்கறது இதை.

ஏப்ரல் 9
மறுபடி போனேன். தெரிந்ததற்கு மட்டும் அமுக்கினேன். நடுவைச் சுற்றி நெடுநேரம் ஒன்றுமே வரவில்லை. கட்டைவிரல் சும்மா காத்திருந்தது.
"இந்தக் காகிதத்தை நம்பலாம்" என்றாள் அந்தப் பெண்.
மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார் கண் டாக்டர். போன பார்வை திரும்பாதாம். இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள இன்னும் நேரம் இருக்கிறதாம். மூட்டு டாக்டர் வேறு மருந்து எழுதினார்.

மே 28
புது மருந்து இன்னும் முழுசாகப் பிடிக்கவில்லை. காலையில் விரல் மடங்க அரைமணி நேரம் ஆகிறது. இன்று இரண்டு சட்டை தைத்தேன். எண்ணிப் பார்த்தாலும் இரண்டுதான்.