கீழ்த்தட்டு எலிகள்

மார்ச் 3, செவ்வாய்

இன்று என் எலிகள் வெளியே வந்தன!

இடுப்பு உயரத்தில் கூட்டல் குறி மாதிரி ஒரு பலகை. இரண்டு கைகளுக்குச் சுவர் உண்டு, இரண்டுக்குக் கிடையாது. பயந்த எலி சுவர் பக்கமே ஒண்டிக்கொள்ளும். இரண்டு வாரமாகத் தொட்டாச்சிணுங்கிச் சாறு குடித்தவை, சுவரில்லாத கையின் நுனிவரை போய்க் கீழே எட்டிப் பார்த்தன. வெறும் தண்ணீர் குடித்தவை மூலையை விட்டு அசையவில்லை. வெளியே இருந்த நேரத்தில் மூன்று மடங்கு வித்தியாசம்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "தொட்டாலே சுருங்கிக்கிற செடி. அது எலிக்குத் தைரியம் கொடுக்குதா? உனக்கும் ஒரு டம்ளர் கலந்து வைக்கவா?" கிண்டல்தான். ஆனாலும் பாத்திரம் முழுக்க அவரே தேய்த்தார்.

மார்ச் 5

பேராசிரியர் முடிவைச் சுருக்கி மாநாட்டுக்கு அனுப்பிவிட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மார்ச் 11, புதன்

எல்லாம் போச்சு.

எலிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா கூண்டு கழுவிக்கொண்டிருந்தார். சும்மா பேச்சுக் கொடுத்தேன். "இதுங்க எல்லாம் என் செல்லங்க மேடம். தினமும் கையில எடுத்து முதுகைத் தடவிக் கொடுத்துட்டுதான் தீனியே வைப்பேன்."

"எல்லாத்தையுமா?"

"மேல்தட்டு எனக்கு எங்க எட்டுது? கீழ்த்தட்டை மட்டும்தான்."

கீழ்த்தட்டு — சாறு குடித்தவை மொத்தமும் அங்கேதான். மருந்து கொடுக்க வசதி என்று நானே வைத்தேன். சீட்டுக் குலுக்கிப் பிரிச்சிருக்கணும். இதுகூடவா தெரியாது எனக்கு? எலிக்குப் பயம் போனது செடியாலா, அந்தக் கையாலா?

பேசாம இருந்துட்டா? யாருக்குத் தெரியப்போகுது?

எனக்குத் தெரியுமே.

மார்ச் 12

சொல்லிவிட்டேன். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "மாநாட்டுக்கு நான் எழுதி வாபஸ் வாங்கிக்கறேன். நீங்க மறுபடி ஆரம்பிங்க." திட்டியிருந்தால் தேவலை.

விஷயம் தெரிந்ததும் அக்காவுக்கு அழுகை. "என்னால உங்க படிப்பு கெட்டுப்போச்சா மேடம்? வேலையை விட்டுத் தூக்கிடுவாங்களா?"

"தப்பு உங்க மேல இல்லக்கா, என் மேல." நம்பவில்லை. அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்ப் பேராசிரியரிடம் கேட்டேன்: இந்தத் தடவை எல்லா எலி மேலயும் அக்கா கை படட்டுமே?

"கடிகாரம் வெச்சு, ஒரே அளவா" என்றார். அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 6

புது எலிகள் இருபத்து நான்கு. சீட்டுக் குலுக்கியாச்சு. எந்தப் புட்டியில் சாறு, எதில் தண்ணீர் என்பது பக்கத்து ஆய்வகத்து வேதியியல்காரருக்கு மட்டும் தெரியும். உறையில் எழுதி ஒட்டிவிட்டார். தண்ணீரிலும் பச்சை நிறம் கலந்தாயிற்று. அக்கா ஆளுக்கு இரண்டு நிமிடம் தடவுகிறார். மேல்தட்டுக்கு ஸ்டூல்.

ஏப்ரல் 15

ஒரு எலி என் விரலைக் கடித்துவிட்டது. அக்கா எலிக்குத்தான் ஆறுதல் சொன்னார்.

ஏப்ரல் 24, வெள்ளி

உறையைப் பிரித்தோம். இந்தத் தடவை தண்ணீர் குடித்தவைகூட வெளியே வந்திருக்கின்றன — தடவிக் கொடுத்ததன் பலன். சாறு குடித்தவை அவற்றையும் தாண்டி. மூன்று மடங்கெல்லாம் இல்லை, ஒன்றரை மடங்குதான். ஆனால் இது செடி செய்தது. யார் கேட்டாலும் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லலாம்.

"சின்னதுதான். ஆனா நிக்குது" என்றார் பேராசிரியர். கை தடவியதை ஆய்வேட்டில் தனி அத்தியாயமாகவே எழுதச் சொன்னார்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். நல்ல பசி. எத்தனை நாளாச்சு இப்படிப் பசித்து!

மே 13, புதன்

எங்கள் துறையின் மற்ற மூன்று ஆய்வகத்தாரும் இன்று எலிக்கூடத்துக்கு வந்தார்கள், எலியை எப்படிக் கையில் எடுப்பது என்று பார்க்க. எங்கள் பேராசிரியர்தான் அழைத்திருந்தார். அக்கா முதலில் எல்லோரையும் கை கழுவச் சொன்னார். பேராசிரியரை மட்டும் இன்னொரு தடவை. "சோப்புப் போட்டு, சார்."

அவர் மறுபேச்சில்லாமல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குழாயடிக்குப் போனார்.